ஐயா எழுதிய பேர்

குலசிங்கம் ஜனநாயகத்துக்கு எதிரி இல்லை. அப்படி யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். தினமும் காலை ஒன்பது மணிக்கு, குருண் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ராமையாவின் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, ஆங்கிலப் பத்திரிகையை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, ஜனநாயகத்தைப் பற்றி அவர் பேசாத நாளே கிடையாது. அவருக்கு அதில் இருந்த ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான். அதில் ஜனங்களையும் சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் அது.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் தேர்தல் என்று பேச்சு. தோட்டங்களில் ஆட்கள் குடியுரிமை கேட்கும் சிட்டிசன் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

"எல்லாருக்கும் ஓட்டுக் குடுங்கோ. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்பார் குலசிங்கம். "ஆனா என்னத்துக்கு எண்டு கேக்கிறன். பேரெழுதத் தெரியாத சனம். அதுக்காகத்தானே பிரதிநிதி எண்டு ஒருத்தன். படிச்சவன் பேசுவான், மற்றவை கேப்பினம். முப்பது வருஷம் ஏழாங்கட்டைத் தோட்டத்துச் சனத்துக்காகப் பேசினது ஆர்? நான். துரையோட சண்டை பிடிச்சு லயத்து வீடுகளுக்குத் தண்ணிப் பைப் கொண்டுவந்தது ஆர்? நான். என்னை ஆர் ஓட்டுப் போட்டுத் தெரிஞ்செடுத்தவை?"

"யாரும் போடலீங்க ஐயா" என்பான் ராமையா, கோப்பியை ஆற்றிக்கொண்டே. "போட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்களான்னு தெரியாது லா."

குலசிங்கம் இதைக் கேட்டுச் சிரிப்பார். தோற்பது என்ற யோசனையே அவருக்கு நகைச்சுவையாக இருந்தது.

அவர் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் மாதம் ஒரு தடவை காரில் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலும் பிரசவமும் புண்ணும் பாம்புக்கடியும் டிரசர் பாடு. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் வந்தவர், வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாமல் முப்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணிப் பைப்பும் பொய் இல்லை. சாகக் கிடந்த பல பேரை அவர் எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில்தான் மனுஷனுக்கு இத்தனை தலைக்கனம்.

ஒரு நாள் விடியும் வரை மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு கிடையாது. தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வந்துவிடுவார்கள். அன்று கடை வாசலில், குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பெண் கையில் காகிதத்தோடு நின்றாள். இருபத்தாறு வயதிருக்கும். பால் வெட்டுகிற கை என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"டிரசர் ஐயா, கும்புடுறேன்."

"ஆர் இது? செல்லாயியின்ர மகள் அல்லே? குப்பாயி?"

"ஆமாங்க ஐயா." அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐயா பேரை நினைவு வைத்திருக்கிறாரே. "ஒங்களத்தான் பாக்க வந்தேன். சிட்டிசன் பாரம் போட்டேனுங்க. பள்ளிக்கூடத்து வாத்தியாரு மனோகரன் அண்ணன்தான் எழுதிக் குடுத்தாரு. சுங்கைப் பட்டாணி ஆபீசுல எம்பேரு இல்லேங்கிறாங்க. முப்பத்திரெண்டுல நம்ம தோட்டத்துல குப்பாயின்னு யாருமே பொறக்கலியாம்."

ராமையா கோப்பியை ஆற்றுவதை நிறுத்தினான்.

விஷயம் இதுதான். இந்த நாட்டில் பிறந்தவர்கள் ஆகஸ்டு முடிவதற்குள் பாரம் போட்டால் மலாய்ப் பரீட்சை கிடையாது, அதிகம் கேள்வியும் கிடையாது. பிறந்ததற்குச் சான்று வேண்டும், அவ்வளவுதான். வெளியே பிறந்தவர்கள் என்றால் இத்தனை வருஷம் இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டும். தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதிய செக்ரோல் புத்தகங்களோ ஜப்பான்காரன் காலத்தில் அடுப்புக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்த ஒரே எழுத்து, டிரசர் மாதாமாதம் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பிய பிறப்பு இறப்புப் பதிவுதான். அதில் குப்பாயி இல்லையென்றால் அவள் எந்த நாட்டிலும் இல்லை. அவள் அப்பன் பிறந்த ஊரின் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

"உனக்கு என்னத்துக்குப் பிள்ளை ஓட்டு?" என்று கேட்டார் குலசிங்கம்.

"நமக்காக யாரு பேசணும்னு நாமளே சொல்லலாமாமே ஐயா. மனோகரன் அண்ணன் சொன்னாரு."

"இவ்வளவு காலமும் உங்களுக்காக ஆர் பேசினது?"

"நீங்கதான் ஐயா" என்றாள் குப்பாயி. குத்தல் எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னாள். குலசிங்கம் ராமையாவைத் திரும்பிப் பார்த்தார், கேட்டாயா என்பது போல.

"திங்கட்கிழமை நான் வாறன். உன்ர அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. நான் கதைச்சா அஞ்சு நிமிஷத்தில முடியும்."

அவள் பேர் ஏன் புத்தகத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அது அவர் வேலைக்கு வந்த புதிதில் தொடங்கிய வழக்கம். பிள்ளை பிறந்தால் தாயோ தகப்பனோ ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்து பேர் சொல்ல வேண்டும், டிரசர் எழுதிக்கொள்வார். அவர்கள் சொல்லும் பேர்களைக் கேட்டால் குலசிங்கத்துக்குக் காது கூசியது. குப்பாயி, பிச்சை, மண்ணாங்கட்டி, தவிட்டம்மாள். ஒரு நாள் துரை அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். குப்பை என்று குலசிங்கம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளைக்கா என்று கேட்டு, துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று குலசிங்கத்துக்குத் தன் வேட்டியையே யாரோ உருவிவிட்டது போல இருந்தது. நாமும் தமிழர்கள், இவர்களும் தமிழர்கள் என்று வெள்ளைக்காரன் நினைத்துவிடுவானே என்பதுதான் அவருடைய பெரிய கவலை.

அன்று முதல் அவர் தாய் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வார், "சரி, சரி, எழுதிப்போட்டன், போ" என்பார், நல்ல பேராக வேறொன்றை எழுதுவார். பராசக்தி, பரஞ்சோதி, குணவதி. தன் பெரியம்மா பேர், சின்னம்மா பேர், கடைசியில் தன் மனைவி கமலாம்பிகையின் பேரைக்கூட ஒரு கங்காணி பேத்திக்குத் தானம் செய்தார். சரிபார்க்க யார் இருந்தார்கள்? லயத்தில் யாருக்கும் ஆங்கில எழுத்துத் தெரியாது. இப்படியாக, லயத்தில் ஒரு தோட்டம் இருந்தது, அவர் புத்தகத்தில் வேறொரு தோட்டம் இருந்தது. புத்தகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கௌரவமான குடும்பத்துப் பிள்ளைகள்.

அது குற்றம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்தச் சனத்துக்குத் தான் செய்த பல நன்மைகளில் அதுவும் ஒன்று என்றே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை சுங்கைப் பட்டாணி பஸ்ஸில் அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். செல்லாயியும் மகளும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். செல்லாயிக்கு ஐம்பது வயது. பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். அரசாங்க ஆபீசுக்கு அவள் போவது அதுவே முதல் தடவை.

பதிவு அதிகாரி முப்பது வயது மலாய்க்காரர். சொங்கோக் தொப்பியை மேசைமேல் கழற்றி வைத்திருந்தார். பெரிய ஆபீசர் என்ற மிடுக்கு எதுவும் இல்லை, வேலை மலையாகக் கிடக்கிற ஆளின் சோர்வுதான் இருந்தது. மூன்று பேருக்கும் நாற்காலி காட்டினார். பெண்கள் இருவரும் உட்காரவில்லை. குலசிங்கம் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, தான் யாரென்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதிகாரி முப்பத்திரண்டாம் ஆண்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். குலசிங்கத்தின் கையெழுத்து, இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகும் முத்து முத்தாக நின்றது. அதைப் பார்த்து அவர் ஒரு கணம் சந்தோஷப்பட்டார்கூட.

"செல்லாயி என்ற தாய்க்கு ஒரு பெண் பிறந்திருக்கிறது" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார் அதிகாரி. "ஆனால் பேர் தங்கமலர். இந்தப் பெண்ணின் அடையாளக் கார்டில் குப்பாயி என்று இருக்கிறது. எப்படி?"

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பேர் காதில் விழுமல்லவா. தங்கமலர் என்று கேட்டதும் செல்லாயி மகளின் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். குலசிங்கம் அதைக் கவனிக்கவில்லை. அவர் பதில் யோசித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார், சிரித்துக்கொண்டே, ஒரு வேடிக்கைக் கதை போல. இங்கே வந்து அந்தப் புத்தகத்தின் மேல் அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அரசாங்கப் பதிவில் பொய் எழுதினவனுக்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியாது. பென்சன் நினைவுக்கு வந்தது. ராமையா கடை நினைவுக்கு வந்தது.

"இவர்கள் படிப்பில்லாதவர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பிறந்த அன்றைக்கு ஒரு பேர் சொல்வார்கள், அப்புறம் வாயில் வந்த பேரைக் கூப்பிடுவார்கள். தாய் சொன்னதைத்தான் நான் எழுதினேன். இவள் மறந்துபோயிருப்பாள். இவர்களுடைய ஞாபகத்தை நம்ப முடியாது."

சொல்லிவிட்டு, முடிந்தது என்று நினைத்தார். ஆனால் அதிகாரி அவரை விட்டுவிட்டுச் செல்லாயியின் பக்கம் திரும்பினார். தோட்டத்து ஆட்கள் பசாரில் பேசுகிற மலாயில், மெதுவாகக் கேட்டார்:

"மாக், இனி நாமா சியாப்பா காசி?" இந்தப் பேரை யார் வைத்தது என்று.

செல்லாயிக்கு அது விளங்கியது. அவள் டிரசரைப் பார்த்தாள். டிரசர் சுவரைப் பார்த்தார்.

"சாயா, துவான்" என்றாள் செல்லாயி. நான்தான் வைத்தேன், ஐயா.

"ஆத்தா!" என்றாள் குப்பாயி. தாய் அவள் கையை இன்னும் இறுக்கினாள்.

அதிகாரி ஏதோ யோசித்தார். தோட்டத்துக்காரர்களுக்கு வருஷம் தப்புவது வழக்கம், ஒருவேளை வேறு வருஷத்தில் குப்பாயி இருக்கலாம் என்று, நல்ல எண்ணத்தோடு முந்தைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். இருபத்தொன்பதாம் வருஷத்தில் அவர் விரல் நின்றது. அதே தகப்பன், அதே தாய். பெண் குழந்தை. தங்கமலர்.

"இரண்டு தங்கமலரா?" என்றார். புத்தகத்தைச் செல்லாயிக்கு முன் நகர்த்தி, அதில் அவளுக்குத் தெரியாத எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது யார்?" என்று மலாயில் கேட்டார்.

"அது சுடா மாத்தி, துவான்." செத்துப்போச்சு. அவள் குரல் சின்னதாகிவிட்டது.

குலசிங்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கத்திலும் அவருடைய முத்தான எழுத்து. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்தப் பேரையே மறுபடி வைத்ததாக ஒரு கணம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அது உண்மை இல்லை. அன்று காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்றார்கள், புதுப் பேர் யோசிக்க அவருக்குப் பொழுதில்லை. செல்லாயி பிள்ளைக்கு முன்பு என்ன எழுதினோம் என்று பழைய பக்கத்தைப் பார்த்து, கண்ணில் பட்ட பேரை அப்படியே எடுத்து எழுதிவிட்டார். அந்தப் பேருக்கு உரியவள் செத்ததையும் அவர்தான் இன்னொரு புத்தகத்தில் எழுதியிருந்தார்.

அதிகாரி பேனாவை மூடினார்.

"ஒரே தாய்க்கு ஒரே பேரில் இரண்டு பேர். ஒருத்தி இறந்துவிட்டாள். இந்தப் பெண்ணோ தன் பேர் குப்பாயி என்கிறாள். தாயும் தங்கமலர் என்றுதான் பேர் வைத்தேன் என்கிறாள். அப்படியானால் குப்பாயி என்ற பெண் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் இல்லை. நான் எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது?" பாரத்தை மடித்து குலசிங்கத்தின் கையிலேயே கொடுத்தார். "மன்னியுங்கள், ஐயா."

ஆபீசுக்கு வெளியே நீள வராந்தா. அங்கே பெஞ்சில் வேறு தோட்டத்து ஆட்கள் பாரத்தோடு காத்திருந்தார்கள். செல்லாயி ஒரு தூணோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மகளின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் இருக்கிறாளா என்று பார்ப்பது போல.

"ஐயா" என்றாள். "இவ பொறந்தப்ப அந்தப் பேரயா எழுதுனீங்க?"

குலசிங்கம் கையிலிருந்த பாரத்தை மறுபடி மடித்தார்.

"மூணு புள்ள பொறந்து மூணும் போச்சுய்யா. அழகழகாப் பேரு வச்சேன். தங்கமலருதான் கடேசி, பதினாலு மாசம் இருந்துச்சு. ஒங்க கையிலதான் போச்சு. இவ பொறந்ததும் நானே தூக்கிட்டுப் போயி லயத்துக்குப் பின்னால குப்பமேட்டுல போட்டுட்டு வந்தேன். என் நாத்தனா போயி, யாரோ போட்ட புள்ளன்னு எடுத்துட்டு வந்து, ஒரு படி தவிட்டுக்கு எனக்கு வித்தா. இது எம்புள்ள இல்ல, குப்பையில கெடந்ததுன்னு சொல்லித்தான்யா வளத்தேன். எமன் வந்து தங்கமலரு தங்கச்சி எங்கேன்னு கேட்டா, அப்படி யாரும் இல்ல, குப்பாயிதான் இருக்குறான்னு சொல்லத்தான் அந்தப் பேரு. நீங்க காயிதத்துல எழுதி வச்சிட்டீங்களேய்யா. இருபத்தாறு வருசமா அது அங்கயே இருந்திருக்கே."

குலசிங்கத்துக்கு இந்த வழக்கம் தெரியாததல்ல. மூடப் பழக்கம் என்று ராமையா கடையில் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். ஆனால் பெற்றவள் ஒருத்தி தன் சொந்தப் பிள்ளையைக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்து வந்திருக்கிறாள் என்று அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பேரைச் சொல்ல ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு அவளே பச்சை உடம்போடு வந்து நின்றதும், அவர் "சரி, சரி, போ" என்று சொன்னதும் இப்போது நினைவு வந்தது. பிள்ளைக்கு உயிர் கேட்டு வந்தவளைப் பேர் அசிங்கம் என்று விரட்டியிருக்கிறோம் என்று எண்ணியபோது அவருக்கு உடம்பு கூசியது.

"பின்னை ஏன் செல்லாயி, நான்தான் வைச்சன் எண்டு சொன்னனீ?" என்று கேட்டார்.

"அந்த மலாய்க்காரர் முன்னால நீங்க தல குனிஞ்சு நிக்கிறத நா எப்படிய்யா பாக்குறது? எங்களுக்காகப் பேசுறவரு நீங்க."

அவள் அதை மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. குப்பாயி மட்டும் மரியாதை பார்க்கவில்லை. அவள் இவ்வளவு நேரமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஆத்தா ஒங்களுக்காகப் பொய் சொல்லிருச்சு. அதுக்கு முந்தி நீங்க இங்கிலீசுல நீளமா ஏதோ சொன்னீங்களே. எங்களப் பத்தித்தான? என்ன சொன்னீங்க?"

"அது... பதிவைப் பற்றி."

"அதான், என்ன சொன்னீங்க? தமிழ்ல சொல்லுங்க ஐயா, நாங்களும் கேட்டுக்கறோம்."

முப்பது வருஷம் அவர் இந்த ஆட்களுக்காகத் துரையிடமும் டாக்டரிடமும் போலீசிடமும் பேசியிருக்கிறார். என்ன பேசினீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. இவர்களுடைய ஞாபகத்தை நம்ப முடியாது. அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. ஆங்கிலத்தில் சொல்லும்போது சாதாரணமாக இருந்தது, செல்லாயியின் முகத்துக்கு நேரே தமிழில் சொல்ல நினைத்தால் நாக்கு எழவில்லை. இப்படி எத்தனை வாக்கியம், எத்தனை தடவை, இவர்களைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பது போல அவருக்குப் பட்டது. அவர்கள் யாரும் பார்க்கவில்லை. வெட்கம் பிடித்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

"வாங்கோ, செல்லாயி" என்றார். அவளை மரியாதைப் பன்மையில் அழைத்தது அதுவே முதல் தடவை, அது அவருக்கே தெரியாது. "உள்ளுக்குப் போவம்."

இந்தத் தடவை அவர் உட்காரவில்லை. ஆங்கிலத்திலும் பேசவில்லை. அவருடைய மலாய் மோசமான மலாய், மீன்காரனிடம் பேரம் பேசவே போதாது. அதைத்தான் பேசினார், பக்கத்தில் நிற்கும் இருவருக்கும் ஒரு சொல் தப்பாமல் கேட்கட்டும் என்று.

"துவான், இனி நாமா சாயா காசி. டியா தா காசி." இந்தப் பேரை வைத்தது நான், அவள் இல்லை.

அதிகாரி தலை நிமிர்ந்தார்.

"டியா சாக்காப் குப்பாயி. சாயா தா மாவ் துலிஸ்." அவள் குப்பாயி என்றுதான் சொன்னாள், எழுத எனக்கு மனமில்லை.

"ஏன்?"

விளக்கமாகச் சொல்ல அவரிடம் மலாய் இல்லை. துரை சிரித்த கதையைச் சொல்ல முடியாது, காது கூசியதைச் சொல்ல முடியாது. தெரிந்த ஒரு சொல் மட்டும் இருந்தது.

"மாலு, துவான்" என்றார். வெட்கம்.

அந்தச் சொல் பெண்கள் இருவருக்கும் தெரியும். குப்பாயி தரையைப் பார்த்தாள். தன் பேரைப் பார்த்து ஒருவர் வெட்கப்பட்டார் என்று அவள் இந்த வயதில் தெரிந்துகொள்கிறாள். அதையும் குலசிங்கம் நின்று பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

அதிகாரி அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சத்தியப் பத்திரத் தாளை எடுத்து வைத்து, நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு குப்பாயியிடம், இனி அவள் விரும்பினால் தங்கமலர் என்றே இருந்துகொள்ளலாம், அது நல்ல பேர்தான், கார்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்.

"குப்பாயி" என்றாள் அவள். "அந்த ஒரு பேருதான் என்னுது. இந்த இன்னொண்ண அடிச்சிரச் சொல்லுங்க ஐயா, ஆத்தா பயப்படுது."

அதிகாரி சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் குப்பாயி என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். பாரத்தை வாங்கித் தட்டில் வைத்தார். குப்பாயியின் வேலை முடிந்தது. குலசிங்கத்தின் வேலை முடியவில்லை.

"இப்படி இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டார் அதிகாரி.

"தெரியாது, துவான்" என்றார் குலசிங்கம். "நிறையப் பேர்."

ஆகஸ்டு முடிய ஐந்து வாரம் இருந்தது.

அந்த வாரம் முழுதும் அவர் ராமையா கடைப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனார். பள்ளிக்கூடக் கொட்டகையில் மனோகரன் மேசை போட்டு வைத்திருந்தான். தப்பாகப் பேர் எழுதப்பட்டவர்கள் வந்து சொல்லலாம் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொல்லியிருந்தான். எழுதியது யார், ஏன் என்பதையும் சொல்லட்டுமா என்று முந்தின நாளே குலசிங்கத்திடம் கேட்டிருந்தான். சொல்லச் சொல்லியிருந்தார் குலசிங்கம். ஆகவே வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

யாராவது ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகவே வந்தார். ராத்திரி படுக்கையில் அந்த ஏச்சையெல்லாம் தானே சொல்லிப் பார்த்தும் இருந்தார். வரிசை கொட்டகைக்கு வெளியே வரை நின்றது. ஆண்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் நாற்காலியில் உட்காரும் வரை ஒருவரும் பேசவில்லை. முன்பு குயினைன் மருந்துக்கு நிற்பார்களே, அதே ஒழுங்கு.

முதல் ஆள் சின்னக்கருப்பன் மகன். முப்பத்தொரு வயது, நெற்றியில் பழைய வெட்டுக் காயம். அதைத் தைத்தது குலசிங்கம்தான். பிச்சை என்று லயமே கூப்பிடும் அவனுக்கு, புத்தகத்தில் பரஞ்சோதி என்று எழுதியிருந்தார். இது நினைவிருந்தும், தானாக எழுதக் கூடாது, அவன் வாயால் சொல்ல வேண்டும் என்று வைராக்கியமாகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"உம்முடைய பேர் என்ன?"

அவன் திகைத்துப்போனான். பக்கத்தில் இருந்த மனோகரனைப் பார்த்தான். பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தான். பிறகு கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, டிரசர் ஐயாவுக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்ற வருத்தத்தோடு சிரித்தான்.

"ஐயா எழுதுனதே இருக்கட்டுங்க" என்றான். "என்ன எழுதியிருக்கீங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா, நா அதையே மனப்பாடம் பண்ணிக்கறேன்."